ராமேஸ்வரம் தீவின் மணலுக்கடியில் உள்ள தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடர் விடுமுறை வரும்போதெல்லாம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ராமேஸ்வரத்தைப் பற்றி ஏறத்தாழ ஒரே செய்திதான் வருகிறது. அக்னி தீர்த்தக் கடற்கரையில் கூட்டம் அலைமோதியது, விடுதிகளில் அறை கிடைக்காமல் பக்தர்கள் தவித்தனர், தனுஷ்கோடிச் சாலையில் வாகனங்கள் நெடுந்தூரம் அணிவகுத்து நின்றன என்று அந்தச் செய்தி சொல்லும். அடுத்த சில நாட்களில் கூடுதல் விடுதிகளும் வாகன நிறுத்துமிடங்களும் வேண்டும் என்ற கோரிக்கை வெளிவரும். அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. குழந்தையும் கையுமாக நடுத்தெருவில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தவர் எவரும் அதைத் தவறென்று சொல்லமாட்டார். ஆனால் வருபவர்களின் தலையையும் அவர்களுக்கு வேண்டிய அறையையும் எண்ணும் நாம், அவர்கள் குடித்துக் குளித்துக் கழிக்கும் தண்ணீர் தீவின் எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது, பிறகு எந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதை எண்ணுவதே இல்லை. இதே தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்தக் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

இந்தத் தீவுக்கு வரும் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1914-இல் ரயில் பாலம் வந்தது. 1988-இல் சாலைப் பாலம் வந்ததும் பேருந்துகளும் கார்களும் நேராக வாசலுக்கே வந்து நின்றன. 2017 ஜூலையில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலையும் பயன்பாட்டுக்கு வந்தது. 2022 டிசம்பர் முதல் பாலத்துக்கு அக்கரையிலுள்ள மண்டபம் ஊரோடு நின்றுபோயிருந்த ரயில்கள், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் மறுபடி தீவுக்குள் வந்துவிட்டன. ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அமைப்பது பற்றியும் மாநில அரசு அறிவித்திருக்கிறது. இவற்றில் எதையும் நான் எதிர்க்கவில்லை. ஆட்டோ ஓட்டுபவரும், சங்கு மாலை விற்பவரும், இட்லிக் கடை போட்டவரும் யாத்ரிகர்களை நம்பித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். வழி ஒவ்வொன்றும் திறந்தபோது, அந்த வழியாக வரப்போகும் கூட்டத்தை இந்த மணல்மேடு தாங்குமா என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

தாங்குமா என்று நான் கேட்பது தண்ணீரை வைத்துத்தான். ராமேஸ்வரம் தீவில் ஆறு இல்லை. மழையன்றி இயற்கையான நன்னீர் வரத்து வேறு கிடையாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழைநீரைத் தீவின் மணல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சுற்றிலும் கடல் இருப்பதால் மணலுக்கடியில் உப்புநீரும் நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் மிதந்து, நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் படிந்திருக்கிறது. இந்தப் படிவத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். மேலே ஓர் அடி குறையும் அளவுக்கு நாம் இறைத்துவிட்டால், கீழே உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறிவிடும். மோட்டார் வைத்து ஓரிடத்தில் ஆழமாக உறிஞ்சினால், அந்தக் குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பி வரும். ஒரு முறை உவர்ப்பேறிய கிணறு பழைய நிலைக்குத் திரும்ப நல்ல மழைக்காலங்கள் பல வேண்டும். சில கிணறுகள் திரும்புவதே இல்லை.

இதை நம் முன்னோர் சூத்திரமாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் தண்ணீர் எடுத்த விதம் முழுவதும் இதற்கு ஒத்துத்தான் இருந்தது. தனுஷ்கோடியில் இன்றும் பெண்கள் மணலில் இடுப்பளவுக்குக் குழி தோண்டி, ஊற்றில் கசிந்து நிற்கும் தண்ணீரைச் சிரட்டையால் அலுங்காமல் அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். வேகமாக அள்ளினால் கலங்கும், ஆழமாகத் தோண்டினால் கரிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தங்கச்சிமடத்தருகே கடலுக்குள்ளேயே இருக்கும் வில்லூண்டி தீர்த்தத்தில் நன்னீர் ஊறுவதைக் கண்டு வெளியூர்க்காரர்கள் வியந்து போகிறார்கள். ராமன் வில்லை ஊன்றியதால் வந்த நீர் என்ற நம்பிக்கையில் நான் தலையிடமாட்டேன். தீவின் மணலில் தேங்கிய மழைநீர் கடலை நோக்கிக் கசிந்து வரும் இடம் அது என்று புவியியல் ஆசிரியனாகச் சேர்த்துச் சொல்வேன். ராமநாதசுவாமி கோயிலுக்குள் பக்தர்கள் நீராடும் 22 தீர்த்தங்களும், பெரும்பாலும் இதே மணல் தரும் ஊற்று நீரை நம்பிய கிணறுகளே. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கும் கோயிலில் வாளி வாளியாக இறைத்து ஊற்றும் நீர் வாயில் பட்டால் கடல்நீராகக் கரிப்பதில்லை என்றால், அதற்குக் காரணம் அந்த மெல்லிய நன்னீர்ப் படிவம்தான். இந்த ஊரின் யாத்திரையே அதன்மீது நிற்கிறது. ஆகவே அதைக் காப்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் தனி வேலை என்று தேவஸ்தானமோ விடுதி உரிமையாளர்களோ ஒதுங்கிவிட முடியாது.

எங்கள் பக்கத்தில் இந்தப் படிவத்தின் நாடியை நாள்தோறும் பிடித்துப் பார்ப்பவர்கள் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்கள். மதுரை மல்லி என்றால் ஊருக்கே தெரியும். அந்தச் செடியின் நாற்று பெரும்பாலும் தங்கச்சிமடத்து மணலில் வேர் விட்டது என்பது பலருக்குத் தெரியாது. மல்லிகைக் குச்சிகளை வெட்டி மணற்பாத்தியில் நெருக்கமாக ஊன்றி, கையால் குடம் சாய்த்தோ குழாய் பிடித்தோ நீர் விட்டு, வேர் பிடித்தபின் பிடுங்கிக் கட்டுக் கட்டாக வெளியூருக்கு அனுப்புவார்கள். இளங்குச்சி உப்பைத் தாங்காது. தண்ணீர் சற்றே கரித்தாலும் தளிரின் நுனி கருகி, பாத்தி முழுவதும் ஓரம் தீய்ந்ததுபோல் நிறம் மாறிவிடும். கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தே இந்த முறை எத்தனை பாத்தி போடலாம் என்று முடிவு செய்யும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கோடையில் பக்கத்து மனையில் தங்கும் விடுதிக்காக ஆழ்குழாய் இறக்கிய சில மாதங்களில் தம் உறைக்கிணறு கரிக்கத் தொடங்கியது என்று அவர்கள் சொல்லும்போது, அது வெறும் புலம்பல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. நான் வகுப்பில் படம் போட்டுக் காட்டிய கூம்பு அவர்கள் கிணற்றில் நடக்கிறது.

விடுதிகளின் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்கள் போடும்போது, கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரத்தில் வசிப்பவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றும், விடுதியில் தங்குபவருக்கு 180 லிட்டர் என்றும் கணக்கிடுவது வழக்கம். ஆயிரம் பேர் ஓரிரவு தங்கினால் 1,80,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் 15 நடை. எடுத்த தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும் என்பதும் அதே திட்டமிடல் கணக்குத்தான். அப்படியானால் மறுநாள் காலைக்குள் 1,44,000 லிட்டர் கழிவுநீர் இந்த மணலில் எங்கோ இறங்கியாக வேண்டும். ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 45,000-ஐ ஒட்டியது. ஆடி, தை அமாவாசை நாட்களில் இங்கு வந்து கூடும் கூட்டத்தைக் கண்ணால் கண்டவர்கள் மேற்சொன்ன பெருக்கலைத் தாங்களே செய்து பார்க்கலாம். நகராட்சியின் குழாய்களும் துப்புரவுப் பணியாளர்களின் எண்ணிக்கையும் ஊர்க்காரர்களின் தொகையை வைத்து முடிவாகின்றன; உழைப்பதோ ஊருக்கு வந்தவர்களுக்கும் சேர்த்து.

இறங்கியாக வேண்டும் என்று சொன்னேன். எங்கே இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. களிமண் நிலத்தில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கசியும் நீர் மெதுவாக ஊடுருவி, போகும் வழியிலேயே ஓரளவு வடிகட்டப்படும். கடற்கரை மணலில் அந்தத் தாமதம் இல்லை. தொட்டிக்குப் பின்னால் தோண்டிய உறிஞ்சுகுழியில் விடும் நீர் நேராக நன்னீர்ப் படிவத்தைத்தான் சேரும். ஒரே மனையில் முன்பக்கம் ஆழ்குழாயும் பின்பக்கம் உறிஞ்சுகுழியும் வைத்துக் கட்டுகிறோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள சில அடி மணலை நம்பி அந்தத் தண்ணீரிலேயே விருந்தினருக்குச் சமைத்தும் போடுகிறோம். தொட்டி நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கே கொட்டுவீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டால் அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுக்கிறார். மிச்சம் வாய்க்கால் வழியாகக் கடலைச் சேர்கிறது. தீர்த்தமாடும் கடலில் கழிவுநீர் கலப்பதைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளாகப் புகார்களும் வழக்குகளும் வந்துகொண்டேயிருக்கின்றன. அவை பெரும்பாலும் பக்தர்களின் மனம் புண்படுகிறது என்ற கோணத்திலேயே பேசப்படுகின்றன. அதே நீர் கடலடியில் என்ன செய்கிறது என்பது பேச்சில் வருவதில்லை.

கடலடியில் இருப்பவை பவளப்பாறைகளும் கடற்புல்லும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. கழிவுநீரோடு போகும் சத்துக்களால் பாசிகள் செழித்துப் பவளத்தின் மேல் படரும். கடலின் சூடு கூடும்போது பவளம் வெளிறிப்போகிறது. 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கு பெரிய அளவில் அப்படி வெளிறியது. உலகம் முழுவதும் சூடேறுவதை ராமேஸ்வரம் நகராட்சியால் நிறுத்த முடியாதுதான். ஆனால் வெளிறிய பவளம் தேறி எழும் காலத்தில் அதன்மேல் கழிவுநீரை விடாமல் இருக்க முடியும்.

கட்டடப் பெருக்கத்துக்கும் இந்தத் தீவுகளுக்கும் உள்ள உறவு புதிதன்று. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானக் கல்லுக்காகவும் இதே பவளப்பாறைகளை வெட்டிப் படகு படகாகக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பின் அந்தத் தொழில் அடங்கியது. அதற்குள் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லித் தீவும் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறையை எடுத்து வீட்டுச் சுவராக்கினோம். இப்போது அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் காசு கொடுத்து வாங்கி வந்து கரையில் கொட்டுகிறோம்.

தனுஷ்கோடியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த ஊர் அது. அங்கேயே தங்கிவிட்ட மீனவக் குடும்பங்கள் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் மனுக்கொடுக்கும் போதெல்லாம் அந்தப் பழைய அறிவிப்பு குறுக்கே வந்து நிற்கும். அதே இடத்துக்கு இன்று விடுமுறை நாட்களில் ஆயிரக்கணக்கில் வாகனங்கள் போகின்றன. குடியிருக்கத் தகுதியற்ற இடம் கூட்டம் சேர்க்க மட்டும் எப்படித் தகுதி பெற்றது என்று அங்குள்ள ஒருவர் கேட்டால், பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை.

சாலை வருவதற்கு முன்பு மணலிலும் சேற்றிலும் ஓடும் வேன்களில்தான் போக முடியும். அந்தச் சிரமமே ஒரு வரம்பாக இருந்தது. சாலை வந்தபின் வரம்பு போய்விட்டது. வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்று எங்கள் மீனவர்கள் சொல்லும் இரண்டு கடல்களுக்கும் நடுவில் அங்கே இருப்பது ஒடுங்கிய மணல் திட்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கம் அரிக்கும், வாடைக்காற்றில் மறுபக்கம் அரிக்கும். ஒரு பக்கத்து மணல் மறுபக்கம் போய்ச் சேர்ந்து, முனையின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறும். சாலையைக் காக்க இருபுறமும் கல் அடுக்கினால் மணலின் இந்தப் போக்குவரத்து தடைபடுகிறது. அலை கல்லைத் தாண்டி மணலைச் சாலைமேல் கொட்டுகிறது; நாம் இயந்திரம் வைத்து அள்ளிப் போடுகிறோம். கரைவலை இழுக்கும் மீனவர்களுக்கு நீண்ட வெற்றுக்கரை வேண்டும். ஒரு முனையில் கயிற்றைக் கரையில் விட்டு, வலையைப் படகில் வளைத்துக் கொண்டுபோய், மறு முனையைத் தொலைவில் கரையேற்றி, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னோக்கி நடந்து இழுக்கும் தொழில் அது. இழுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் கார் நின்றால் எங்கே நடப்பார்கள்? பார்க்க வந்தவர்கள் கயிற்றின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதும், வலைக்குள் துள்ளும் மீனைக் கையில் தூக்கிக் காட்டச் சொல்வதும் அன்றாடம் நடக்கிறது. கோபப்படாமல் சிரித்துக்கொண்டே நகரச் சொல்லும் மீனவர்களின் பொறுமைக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும்.

அந்தக் கரையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்புக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது மிகவும் மகிழ்ச்சிக்குரியது. அறிவிப்போடு நிற்காமல், சேற்றுப் பரப்பில் வண்டி இறக்குவதையும் பறவைக் கூட்டத்தின்மேல் ட்ரோன் பறக்கவிடுவதையும் தடுக்க ஆட்கள் வேண்டும். மாலைக்குப்பின் வாகனங்களைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பகலிலும் சொந்த வாகனங்களை முகுந்தராயர் சத்திரத்திலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசுப் பேருந்தில் மட்டும் போய்வரும்படி செய்தால், முனையில் வாகன நிறுத்தம் கட்ட வேண்டிய தேவையே இராது. கட்டணத்தில் ஒரு பங்கு தனுஷ்கோடியின் மீனவக் குடியிருப்பான கம்பிப்பாடு மக்களின் குடிநீருக்குப் போகட்டும்.

தேசியப் பூங்கா வந்தபின் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் பல தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கிக் கடற்பாசி எடுத்து வந்தவர்கள். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, பாறை வெட்டாமல் இருக்கச் செருப்பை இறுகக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். பூங்கா விதிகள் இறுகியபோது தீவுப் பக்கம் போகக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள், அபராதம் கட்டினார்கள். பிறகு அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் பாசி எடுப்பதில்லை என்றும், பாறையைச் சுரண்டும் கருவிகளைத் தொடுவதில்லை என்றும் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அண்மைக் காலமாகக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் படகு விடப்படுகிறது. வனத்துறையின் மேற்பார்வையில், அளவோடு நடக்கும் ஏற்பாடு என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும் தீவுக்குப் போகக்கூடாது என்று அந்தப் பெண்களைத் தடுக்கும்போது சொன்ன காரணம் நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கும் பொருந்த வேண்டும். அல்லது அந்தப் பெண்களையே அந்தப் படகில் வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும். எந்தத் திட்டில் எந்தப் பாசி, எந்த மாதம் எந்தப் பக்கம் கலங்கல் என்று அவர்களைவிட விளக்கமாகச் சொல்ல எவரும் இல்லை. தொண்டிக்கு அருகே காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். காடு இருந்தால்தான் படகுக்கு வேலை என்பதால், அங்கே காட்டைக் காப்பது ஊர் மக்களின் சொந்தக் காரியமாகிவிட்டது. மாவட்டத்தில் சுற்றுலாவை வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

நான் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது, அதுதான் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. திருச்சிப் பக்கத்திலிருந்து இத்தனை தொலைவு குழாயில் வரும் அந்த நீர் எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்த பெரும் உதவிதான். ஆனால் குழாய் பழுதாகும் நாட்களில் தீவு என்ன செய்கிறது என்று பாருங்கள். உடனே எல்லா மோட்டாரும் மணலைத்தான் உறிஞ்சுகின்றன. மேலும், வெளியிலிருந்து கூடுதலாக நன்னீர் வர வர, கழிவுநீரும் அதே விகிதத்தில் தீவின் மணலில்தான் இறங்குகிறது. கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்பது இன்னொரு யோசனை. எங்கள் மாவட்டத்தில் நரிப்பையூரிலேயே அப்படியோர் ஆலை அமைத்தார்கள். அதை நடத்த மின்சாரமும் பராமரிப்பும் எவ்வளவு வேண்டும் என்பது ஒருபுறம். பிரித்தெடுத்த அடர்த்தியான உப்புநீரைக் கடற்புல் வளரும் ஆழமற்ற வடக்குக் கடலான பாக் விரிகுடாவில் விடுவதா, பவளமுள்ள தெற்குக் கடலில் விடுவதா என்பது மறுபுறம். ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் புல்தரை இந்த இரண்டு கடலிலும் உண்டு. இவையெல்லாம் தேவைப்படலாம். தேவைப்பட்டாலும் மணலில் உள்ள நீரைக் கெடுக்க அவை அனுமதிச் சீட்டு ஆகிவிடக்கூடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு அன்றி நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. விதியை எழுதியவர்கள் எங்கள் தீவைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று தோன்றும் அளவுக்குப் பொருத்தமான விதி. ஆனால் வரைபட அனுமதி ஓர் அலுவலகத்தில், ஆழ்குழாய் அனுமதி வேறோர் அலுவலகத்தில், கழிவுநீர் இன்னொன்றில் என்று பிரிந்து கிடப்பதால், மூன்றையும் ஒரே மனையில் சேர்த்துப் பார்க்கும் கண் எவருக்கும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாக் கோப்பும் சரியாகத்தான் இருக்கும். வீடு என்று அனுமதி வாங்கிப் பத்து அறைகளை வாடகைக்கு விடும் கட்டடம் எந்தக் கோப்பிலும் விடுதியாக வராது. ஒரு மனையில் எத்தனை படுக்கை, எத்தனை லிட்டர், கழிவுநீர் எங்கே சுத்திகரிக்கப்படுகிறது என்ற மூன்று விடையும் ஒரே தாளில் இல்லாமல் தீவில் புதிதாகத் தங்குமிடம் எதற்கும் அனுமதி தரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே இருப்பவற்றுக்கும் காலக்கெடு வைக்கலாம். தங்குமிடங்களைத் தீவுக்குள்ளேயே குவிக்காமல் உச்சிப்புளி, ராமநாதபுரம் வரை பரவலாக அமைத்து, ரயிலிலும் பேருந்திலும் யாத்ரிகர்கள் வந்து தரிசித்துத் திரும்ப வகை செய்யலாம். ரயில்தான் மறுபடி ஓடுகிறதே.

மணல்மேடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தமாதன பர்வதத்தைச் சுற்றியும் சாலையோரங்களிலும் இருக்கும் மேடுகளை வீணான நிலம் என்று நினைத்துச் சமன்படுத்தி மனை போடுகிறார்கள். மழைநீரை அதிகம் பிடித்து வைப்பவை அந்த மேடுகள். மேட்டை வெட்டித் தளம் போட்டால் அங்கு பெய்யும் மழை மணலுக்குள் இறங்காமல் வாய்க்கால் வழியே கடலுக்கு ஓடும். பனையும் உடைமரமும் நிற்கும் மேட்டை இன்னும் விட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்கிறார்கள். நகராட்சி அவர்களின் சொத்துவரியிலாவது ஏதேனும் குறைத்துக் கொடுக்கலாம். கோயிலுக்கு வெளியே தீவெங்கும் இருந்த தீர்த்தக் குளங்கள் பலவும் மண் மேவிக் கிடந்தன. அவற்றில் சிலவற்றைத் தொண்டு உள்ளம் கொண்டவர்கள் தூர்வாரி மீட்டிருக்கிறார்கள். மீதியையும் மீட்பது பக்திக்கும் நல்லது, கிணறுகளுக்கும் நல்லது. 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை வந்தபின்னும் தீர்த்தக் கரையில் என்ன கிடக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் அதை நான் விரிக்கவில்லை. குப்பை கண்ணுக்குத் தெரியும், அள்ளலாம். கரிப்பு ஏறுவது கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அரசுத் துறைகள் நிலத்தடி நீரைக் கண்காணிப்புக் கிணறுகளில் அளந்து பார்க்கின்றன. குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி ஆகிய நான்கு இடங்களின் கிணற்று நீரில் அந்த அளவு மாதந்தோறும் என்ன என்பதைத் துறைகளிடம் கேட்டுப் பெற்று, விடுமுறைக் கூட்டத்தைப் பற்றிய செய்தியின் அருகிலேயே தங்கள் நாளிதழில் ஒரு சிறு கட்டமாக வெளியிடுங்கள். துறைகள் தரத் தயங்கினால், உப்பை அளக்கும் கருவி கையடக்கமாகக் கடைகளில் கிடைக்கிறது. எங்கள் ஊரில் நாற்றுப் போடுகிறவர்கள் தங்கள் கிணறுகளைத் திறந்துவிட ஆயத்தமாக இருக்கிறார்கள். அளந்து எழுதி அனுப்பும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.